அட்டை தொலைந்த குழந்தைக்கு அதே தடுப்பூசியை மறுபடி போடலாமா? குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பெண் குழந்தை, வயது நாலு வருடம் நாலு மாதம். பெங்களூரில் பிறந்தவள். அப்பா அங்கே கட்டட வேலை செய்கிறார். அம்மா இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு பிள்ளைகளோடு குடியாத்தம் தாலுகாவில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். எல்கேஜி சேர்க்கைக்குப் போன இடத்தில் தடுப்பூசி அட்டையின் நகல் கேட்டார்கள். வீடு மாற்றியபோது அட்டை எங்கோ போய்விட்டது. ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாட்டிதான் பேசினார். "எல்லா ஊசியும் போட்டாச்சு டாக்டரம்மா. பெங்களூர்ல ஒண்ணு விடல. நீங்க ஒரு அட்டை மட்டும் எழுதிக் குடுத்துட்டா போதும்."

போடாத ஊசியை, அல்லது போட்டதாகக் கேள்விப்பட்ட ஊசியை அட்டையில் எழுத முடியாது. தேதியோடு எழுத்தில் இருந்தால்தான் அது கணக்கு. உலகம் முழுக்க நோய்த்தடுப்புத் திட்டங்களில் இதுதான் நடைமுறை. காரணம் பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, எந்த ஊசி என்று அவர்களுக்கே தெரிவதில்லை என்பதுதான். அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தொடையில் ஊசி போட்டது நினைவிருக்கிறது. இரண்டு தொடையிலுமா? ஆமாம் போல. எத்தனை தடவை? "மூணு... நாலு தபா இருக்கும்." ஒன்பதாவது மாதம் அம்மை ஊசி? போட்டிருப்பார்கள். ஒன்றரை வயதில்? அந்த நேரத்தில்தான் இரண்டாவது பிள்ளை வயிற்றில், மசக்கை, வீடு வேறு மாற்றினார்கள். அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. அந்தத் தடுமாற்றத்தில்தான் எனக்குத் துப்பு கிடைத்தது. ஒன்றரை வயது ஊசி விடுபட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

குழந்தையின் இடது தோளில் பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு தெளிவாக இருந்தது. அதைப் பார்த்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சொல்வது ஒன்றைத்தான், பிறந்தவுடன் போடும் ஊசி விழுந்திருக்கிறது. மற்றதைப் பற்றி அது வாய் திறக்காது. தழும்பே இல்லாவிட்டாலும் பிசிஜியை மறுபடி போடுவதில்லை. கொஞ்சம் பேருக்குத் தழும்பு விழாமலே போகும், ஆனால் பாதுகாப்பு இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. தவிர, நம் அரசுத் திட்டத்தில் பிசிஜி ஒரு வயது வரைதான். ஆகவே மறுபடி போடும் பேச்சிலிருந்து பிசிஜி முதலிலேயே வெளியே போய்விட்டது.

அம்மா அதுவரை பேசாமல் இருந்துவிட்டு, நர்ஸ் ஊசி மருந்துக் குப்பியை எடுத்ததும் கேட்டார். "மேடம், முன்னாடியே போட்டிருந்தா, ரெண்டு தபா போட்டா ஓவர்டோஸ் ஆவாதா?"

இந்தக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்புவது எளிது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தட்டில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

சொட்டு மருந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கூடுதல் தவணையைப் பற்றி வேலூர்க்காரர்கள் கவலைப்படுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். மூன்று தவணை போலியோ சொட்டு நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று நிரூபித்த ஆராய்ச்சி நடந்ததே இந்த வட ஆற்காட்டில்தான். வேலூர் சிஎம்சியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும், மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு மூன்று தவணையில் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் இங்குள்ள குழந்தைகளுக்குக் கிடைப்பதில்லை, தவணையைக் கூட்ட வேண்டும் என்று காட்டினார்கள். குறிப்பிட்ட நாளில் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், முன்பு போட்டார்களா இல்லையா என்று கேட்காமல் கொடுக்கும் 'பல்ஸ்' முறையை அவர் இங்கிருந்துதான் வலியுறுத்தினார். 1995-ல் அது நாடு முழுக்க வந்தது. ஐந்து வயதுக்குள் பத்துப் பதினைந்து முறை சொட்டு குடித்த பிள்ளைகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசம், பீகாரில் அதைவிடவும் அதிகம். கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டதற்கு இதைவிடப் பெரிய சோதனை உலகில் நடந்ததில்லை.

தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் ஏறக்குறைய அப்படித்தான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த எம்ஆர் முகாம் பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட எல்லாருக்கும், ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொன்று என்பதுதான் விதி. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பள்ளி வாசலில் பெற்றோர் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்டு போன காலம் அது. அந்த வதந்தியில் சொன்ன எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கு எளிய உடலியல் காரணம் இருக்கிறது. இது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். உடம்பில் பெருகினால்தான் வேலை செய்யும். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ள குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் எதிரணுக்கள் அதைப் பெருக விடுவதில்லை. அதனால் முதல் தவணைக்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாளில் சிலருக்கு வரும் காய்ச்சலும் தடிப்பும்கூட இரண்டாவதில் குறைவாகத்தான் வரும். மறுபக்கம், ஒன்பதாவது மாதத்தில் போடும் முதல் தவணை நூற்றுக்கு 85 பேருக்குத்தான் பிடிக்கும். அம்மா சொன்னபடி அது விழுந்திருந்தாலும் இவளுக்கு இரண்டாவது வேண்டும். விழவில்லை என்றால் இரண்டும் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஊசி உண்டு. எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இந்த ஊசி கூடாது. அது முதல் தவணைக்கும் பொருந்தும் தடை, மறுபடி போடுவதால் புதிதாக வருவதில்லை.

மூன்றாவது முத்தடுப்பு ஊசி, டிபிடி. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து. இங்கேதான் நான் வேகத்தைக் குறைத்துப் பேசுவேன். ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டின் பாகமும் செயலிழக்க வைத்த நச்சுப்பொருள். ஏற்கெனவே பல தவணை எடுத்து ரத்தத்தில் எதிரணு நிறைய உள்ளவருக்கு மறுபடி போட்டால், போட்ட இடத்திலேயே எதிரணுவும் ஊசிப்பொருளும் கூடிப் படிந்து அழற்சியைக் கிளப்பும். நாலிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கை முழுக்க வீங்கிச் சிவந்து வலிக்கும். ஆர்தஸ் எதிர்வினை என்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் சில நாளில் தானே வடிந்துவிடும். அம்மாவிடம் இதை மறைக்கவில்லை. "கை வீங்கலாம். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீங்கினால் எனக்குச் சொல்லணும்" என்றேன்.

எந்த ஊசிக்கும் உள்ள அரிய ஆபத்தான கடும் ஒவ்வாமை, பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில், கூடுதல் ஊசிக்கும் உண்டு. அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். பேருந்து போய்விடும் என்று அவசரப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லி உட்கார வைப்பது எங்கள் நர்ஸின் வேலையில் பாதி.

அம்மா 'ஓவர்டோஸ்' என்று கேட்டாரே, அந்தச் சொல் உண்மையாகவே பொருந்தும் பொருள் ஒன்று தட்டில் இருந்தது. யாரும் அதைச் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது ஊசி இல்லை, இனிப்பாக இருக்கும் வைட்டமின் ஏ திரவம். ஒரு வயதுக்கு மேல் ஒரு தடவைக்கு 2 மி.லி., அதாவது 2 லட்சம் யூனிட், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஈரலில் தங்கும் சத்து இது, அடுத்தடுத்துக் கொடுத்தால் தலைவலி, வாந்தி வரும். அங்கன்வாடிக்குப் போன் செய்தோம். இரண்டு மாதம் முன்பு இந்தப் பெண் பெயரில் கொடுத்ததாகப் பதிவேட்டில் இருந்தது. அன்று அதைக் கொடுக்கவில்லை. குழந்தை ஸ்பூனைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்து காத்திருந்தது. ஏமாற்றம்தான்.

திட்டம் இப்படி முடிவானது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஐந்து நோய் தடுக்கும் பென்டா ஊசியைப் புதிதாகத் தொடங்குவதில்லை. அதற்குப் பதில் டிபிடி, நாலு வார இடைவெளியில் மூன்று தவணை, கடைசியிலிருந்து ஆறு மாதமாவது கழித்து ஊக்க ஊசி. டிபிடி ஏழு வயது வரை போடலாம். எம்ஆர் இரண்டு தவணை, நாலு வார இடைவெளி. சொட்டு மருந்து மூன்று. இடையில் பெங்களூர் அட்டை கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒருமுறை போட்ட தவணை எத்தனை வருடம் கழித்தும் செல்லும், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. அட்டையைத் தேடுங்கள் என்று அப்பாவுக்கும் போனில் சொன்னோம்.

முதல் நாள் இடது கையில் டிபிடி, வலது கையில் எம்ஆர், வாயில் சொட்டு. இரவு லேசான காய்ச்சல், பாராசிட்டமாலில் இறங்கிவிட்டது. டிபிடிக்கு அது சாதாரணம்.

நாலு வாரம் கழித்து இரண்டாவது. அதே கை, அதே ஊசிகள். அன்று இரவு ஒன்பது மணிக்குக் கிராம சுகாதார செவிலியருக்குப் பாட்டியிடமிருந்து அழைப்பு. "கை தூக்கி வெச்சா மாதிரி வீங்கிக் கீது. நான் அன்னைக்கே சொன்னேன், எல்லாம் போட்டாச்சுன்னு."

மறுநாள் காலை பார்த்தேன். இடது தோளிலிருந்து முழங்கை வரை வீக்கம். தோல் பளபளவென்று சிவந்து, தொட்டால் சூடாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தது. ஊசி போட்டு ஐந்தாறு மணி நேரத்தில் தொடங்கியிருக்கிறது. காய்ச்சல் நூறு டிகிரி. கையை அசைக்க அழுதாள், ஆனால் இன்னொரு கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி மஞ்சள் பத்துப் போட்டிருந்தார். அதைத் துடைத்துவிட்டுத்தான் தோலின் நிறமே தெரிந்தது.

சீழ்க்கட்டி என்றால் இவ்வளவு சீக்கிரம் வராது, சில நாள் ஆகும், கட்டி ஓரிடத்தில் குவிந்து இளகும். கிருமித் தொற்று என்றால் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகும், குழந்தை சோர்ந்துவிடும். சாதாரண டிபிடி வீக்கம் என்று விட்டுவிடலாமா என்றால், அது ஊசி விழுந்த இடத்தைச் சுற்றித்தான் இருக்கும், முழங்கை வரை இறங்காது. நேரமும் பரப்பும் ஆர்தஸ் வகையைத்தான் காட்டின.

என் கவனம் போனது வலது கைக்கு. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். எம்ஆர் போட்ட இடத்தில் ஒரு கொசுக்கடி அளவு தடம்கூட இல்லை. இரண்டு கையிலும் ஒரே நாளில், ஒரே இடைவெளியில், இரண்டாவது தவணை. ஒரு கை வீங்கியது, இன்னொரு கைக்கு ஒன்றுமே இல்லை. 'ரெண்டு தபா போட்டதால' வீங்கியது என்றால் இரண்டும் வீங்கியிருக்க வேண்டும். பாட்டியிடமும் இதைத்தான் காட்டினேன். அவர் வலது கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த ஊசிதான் ஆவாது" என்றார். நான் பத்து நிமிடம் பேசியிருக்க வேண்டியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஈரத்துணி ஒத்தடம், எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், கையை உயர்த்தி வைப்பது. ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவர் 'செப்டிக் ஆயிடும்' என்று சொல்லி ஒரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்திருந்தார், அதை வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று நான்கு நாளில் வீக்கம் வடிந்தது, தடம் இல்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளுக்கான பதிவேட்டில் எழுதி மேலே அனுப்பினோம். நல்லபடியாக முடிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எழுதாவிட்டால் அடுத்து இவளுக்கு ஊசி போடுகிறவருக்கு யார் சொல்வது?

மூன்றாவது தவணைக்கு வர வேண்டிய நாளில் டிபிடி போடாமல் ரத்தம் எடுத்தோம். ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான எதிரணு அளவு பார்க்க. இந்தச் சோதனை எங்கள் நிலையத்தில் கிடையாது, வேலூரில் தனியார் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், காசும் ஆகும். பாதுகாப்புக்கு மில்லி லிட்டருக்கு 0.1 யூனிட் போதும். இரண்டுமே அதைப் பல மடங்கு தாண்டியிருந்தன. டிபிடியை அத்தோடு நிறுத்தினேன். சொட்டு மருந்து மூன்றாவது தவணையை மட்டும் கொடுத்தோம்.

அப்படியானால் முதலிலேயே எல்லாருக்கும் ரத்தம் பார்த்துவிட்டு ஊசி போடலாமே என்று கேட்கலாம். கக்குவானுக்கு இவ்வளவு எதிரணு இருந்தால் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவே இல்லை. போலியோவுக்குச் செய்யும் சோதனை சாதாரண ஆய்வகத்தில் நடக்காது. தட்டம்மைக்குப் பார்க்க முடியும், ஆனால் சோதனைச் செலவுக்கும் குழந்தையின் ரத்தத்துக்கும் பதில் ஒரு இலவச ஊசியே போட்டுவிடலாம். ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும் ஒரு நடுவழி இருக்கிறது. முன்பு போட்டிருக்க நல்ல வாய்ப்பு உள்ள குழந்தைக்கு ஒரே ஒரு டிபிடி போட்டுவிட்டு, நாலு வாரம் கழித்து எதிரணுவைப் பார்ப்பது. புதிய உடம்பு ஒற்றைத் தவணைக்கு அவ்வளவு பதில் தராது, பழகிய உடம்பு வாரிக் கொடுக்கும். பரிசோதனைக்கு வழி உள்ள குடும்பம் என்றால் இந்த வழியே எனக்குப் பிடிக்கும். வழி இல்லாத குடும்பத்தில் கை வீங்கினாலும் பரவாயில்லை என்று போட்டுவிடுவேன். 2016-ல் மலப்புறத்தில் தொண்டை அடைப்பான் திரும்ப வந்து பிள்ளைகள் இறந்தார்கள். அந்த நோயில் தொண்டையில் படரும் சாம்பல் நிறச் சவ்வைப் பார்த்த எந்த மருத்துவரும் கை வீக்கத்தை அதோடு ஒரே தராசில் வைக்க மாட்டார்.

அட்டை பிறகு வந்தது. பெங்களூரில் இருக்கும் அத்தை பழைய வீட்டுக்காரரிடம் விட்டுவந்த ஒரு பெட்டியில் தேடி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கர்நாடகத்தின் 'தாயி கார்டு'. ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு, கன்னடக் கையெழுத்தில். எங்கள் மருந்தாளுநருக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியும். பிறந்தபோது பிசிஜி, சொட்டு. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் பென்டா மூன்றும், சொட்டு மூன்றும். ஒன்பதாவது மாதம் எம்ஆர். அதற்குக் கீழே கட்டங்கள் காலி.

பாட்டி சொன்னது முக்கால்வாசி உண்மை. அந்தக் கால்வாசியில் எம்ஆர் இரண்டாவது தவணையும் டிபிடி முதல் ஊக்க ஊசியும் இருந்தன. 'போட்டாச்சு' என்பதை நம்பி அட்டை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரண்டும் என்றைக்கும் விழுந்திருக்காது.

கையின் கதையும் இப்போது தெளிவாயிற்று. பென்டாவில் உள்ள டிபிடி மூன்று, எங்களிடம் போட்ட முதல் ஊசி நாலாவது. நாலு வருட இடைவெளிக்குப் பிறகு வந்த அந்த நாலாவது எதிரணுவை உச்சத்துக்குக் கொண்டுபோனது, அது இறங்கும் முன் நாலே வாரத்தில் ஐந்தாவது போய்ச் சேர்ந்தது. எங்களிடம் போட்ட முதல் தவணையில் வீங்காமல் இரண்டாவதில் வீங்கியதன் காரணம் அதுதான். நாலு வயதுக்கு மேல், மூன்றாவதிலிருந்து ஆறு மாதமாவது கழித்து நாலாவது விழுந்திருந்தால் ஐந்தாவது தேவையே இல்லை என்பது அமெரிக்க அட்டவணையின் விதி. இவளுக்கு ஐந்து வயது ஊக்க ஊசியைப் போடப் போவதில்லை. எம்ஆர் மொத்தம் மூன்று ஆகிவிட்டது. சொட்டு மருந்தை நான் எண்ணவில்லை.

புதிய அட்டையில் பழைய தேதிகளைக் 'கர்நாடக அட்டையின்படி' என்று குறித்து எழுதி, யு-வின் இணையப் பதிவிலும் ஏற்றினோம். இனி அட்டை தொலைந்தாலும் அம்மாவின் போன் எண்ணை வைத்து எடுக்கலாம். பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அட்டையின் மேல் பகுதியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: டிபிடிக்கு இடது கை முழுவதும் வீங்கியது, அடுத்த டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி) பத்து வருடம் கழித்து, அதற்கு முன் வேண்டாம்.

பாட்டிக்கு அதில் ஒரு சந்தேகம். "நடுவுல ஆணி கீணி குத்திச்சுன்னா?"

நியாயமான கேள்வி. நம் ஊரில் உண்மையாகவே தேவைக்கு மேல் திரும்பத் திரும்பப் போடப்படும் ஊசி ரண ஜன்னி ஊசிதான், அதற்கு யாரும் அட்டை கேட்பதில்லை. அரிவாள் பட்டால் ஒன்று, சைக்கிளில் விழுந்தால் ஒன்று. பாட்டிக்கே அந்த வருடம் இரண்டு போட்டிருக்கிறார்கள், கரும்புக் கழிவில் கால் கிழிந்ததற்கு ஒன்று, மூன்று மாதம் கழித்து விரலில் தகரம் கீறியதற்கு ஒன்று. அடிப்படைத் தவணைகள் முழுமையாக உள்ளவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் பத்து வருடத்துக்கு ஒருமுறை, அழுக்குக் காயம் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆர்தஸ் வந்தவருக்கு அழுக்குக் காயமானாலும் பத்து வருடத்துக்குள் வேண்டாம். பேத்திக்கு ஆணி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஊசி எடுக்கும் முன்பே இந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டச் சொன்னேன். "எனக்கு?" என்றார். அவருக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுத்தோம்.